விற்பனைக்காரர் சொன்ன 1.1: ஜன்னல் வழியே போகும் சூட்டை வீட்டிலேயே அளப்பது எப்படி?

கேள்வி இதுதான். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 1988இல் கட்டிய வீடு. மரச் சட்டம், இரட்டைக் கண்ணாடி, மொத்தம் 14 ஜன்னல்கள். குளிர்காலத்தில் ஜன்னலோரம் சோபாவில் உட்கார முடியவில்லை. ஜன்னல் மாற்ற வந்தவர், "உங்க பழைய ஜன்னலோட யு மதிப்பு 3-க்கு மேல, எங்களோடது 1.1" என்று சொல்லி 19,000 டாலருக்கு விலைச்சீட்டு கொடுத்திருக்கிறார். அந்த எண்ணை நம்பலாமா, நாமே அளந்து பார்க்க வழி உண்டா?

அளக்கலாம். குளிரான ஓர் இரவு, நூறு டாலருக்குள் கிடைக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி (தொடாமலே தூரத்திலிருந்து சூட்டை அளப்பது), கொஞ்சம் மாஸ்கிங் டேப், ஒரு லைட்டர், ஓர் ஊதுபத்தி. இவ்வளவு போதும். வீடுகளின் எரிசக்திக் கணக்கு பார்ப்பது என் வேலை. பல வருடமாகப் பல வீட்டு ஜன்னல்களின் முன்னால் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டியது 1.1 சரியா தப்பா என்பதல்ல, அது எதனுடைய 1.1 என்பது. (நீங்கள் யன்னல் என்று எழுதியிருந்தீர்கள். என் கை ஜன்னல் என்றே எழுதுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

யு மதிப்பு என்பது எளிமையான சங்கதி. உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு போகிறது என்பதுதான். குறைவாக இருந்தால் நல்லது. வெளியே மைனஸ் 15, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 36 டிகிரி. யு மதிப்பு 2.8 உள்ள ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல் அப்போது 150 வாட்டை வெளியே விடுகிறது. இரண்டு பழைய குண்டு பல்பை விடிய விடிய எரியவிட்டு அந்தச் சூட்டைத் தெருவுக்கு அனுப்புவது மாதிரி.

இதில் ஓர் இடறல் உண்டு. அமெரிக்க விளம்பரங்களில் 0.30, 0.20 என்று பார்த்து, அடேயப்பா என்று மலைக்காதீர்கள். அது அங்கேயுள்ள அலகு. 5.678-ஆல் பெருக்கினால்தான் நம்முடைய அலகுக்கு வரும். 0.30 என்பது இங்கே 1.70. ஆர் என்பது வெப்பத் தடை. ஆர்-5 என்று சொன்னால் அது அமெரிக்க 0.20-இன் தலைகீழ், நம் கணக்கில் 1.14.

இப்போது அந்த 1.1-க்கு வருவோம். சாதாரண இரட்டைக் கண்ணாடியில் நடுவே 12 மில்லிமீட்டர் காற்று இருக்கிறது. அந்த இடைவெளியைச் சூடு எப்படிக் கடக்கிறது? காற்றின் வழியாகப் போவது மூன்றில் ஒரு பங்குதான். மீதி கதிர்வீச்சாகத் தாண்டுகிறது. உள் கண்ணாடி வெளிக் கண்ணாடியைப் பார்த்து, அடுப்புக் கரி போலச் சூட்டை வீசிக்கொண்டே இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பூச்சில்லாத கண்ணாடி இந்தக் கதிர்வீச்சில் ரொம்பத் தாராளம். அதன் உமிழ்திறன், அதாவது சூட்டைக் கதிராக வீசும் திறன், 0.84. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிப் படலம் பூசினால் 0.03 அளவுக்கு இறங்கிவிடும். இதுதான் லோ-ஈ பூச்சு. கூடவே காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பினால் கடத்தலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். 2.8-இல் இருந்த கண்ணாடி 1.1-க்கு வருவது இப்படித்தான். மாயமில்லை, பொய்யும் இல்லை. ஆனால் அது கண்ணாடியின் நட்ட நடுவில் மட்டும் உண்மை.

கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்த ஓரமெங்கும் ஸ்பேசர் பட்டை ஓடுகிறது. இந்த மூன்றையும் சேர்த்தால்தான் ஜன்னல். 60-க்கு 150 சென்டிமீட்டர் கேஸ்மென்ட் (கைப்பிடியைத் திருகினால் கதவு போலத் திறக்கும் ஜன்னல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டத்தின் அகலம் சுற்றிலும் 9 சென்டிமீட்டர். மொத்தப் பரப்பு 0.90 சதுர மீட்டர். அதில் கண்ணாடி 0.55 மட்டுமே. பாருங்கள், கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் சட்டம்! கண்ணாடிக்கு 1.1, வினைல் சட்டத்துக்கு 1.6 என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் சுற்றளவு மூன்றரை மீட்டர். சாதாரண அலுமினிய ஸ்பேசர் ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.08 வாட் கூடுதலாகக் கடத்தும். ஒவ்வொன்றையும் அதனதன் பரப்பால் அல்லது நீளத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 0.90-ஆல் வகுத்தால் 1.60 வருகிறது. ஸ்பேசரை மட்டும் பிளாஸ்டிக் கலந்த வார்ம்-எட்ஜ் வகைக்கு மாற்றினாலே 1.45-க்கு இறங்கும். அதனால்தான் ஸ்பேசர் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே அளவுள்ள உங்கள் பழைய மரச் சட்ட ஜன்னலுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 2.75 வருகிறது. மரம் மோசமான பொருளல்ல. ஆக உண்மையான ஒப்பீடு 2.75-க்கும் 1.60-க்கும். வந்தவர் பழையதற்கு முழு ஜன்னலின் எண்ணை, அதுவும் கொஞ்சம் ஏற்றி, சொல்லியிருக்கிறார். புதியதற்குக் கண்ணாடி நடுவின் எண்ணைச் சொல்லியிருக்கிறார். தராசின் ஒரு தட்டில் உமியோடு நெல், மறு தட்டில் தீட்டின அரிசி.

முழு ஜன்னலின் எண்ணை யார் தருவார்கள்? வட அமெரிக்காவில் என்எஃப்ஆர்சி என்ற ஜன்னல் தரமதிப்பீட்டு அமைப்பின் லேபிள். அந்த அமைப்பே 1989இல்தான் தொடங்கியது. அதனால் உங்கள் பழைய ஜன்னலில் லேபிளைத் தேடாதீர்கள். சோதனைக்கூட முறை ஹாட் பாக்ஸ். ஒரு பக்கம் சூடான அறை, மறு பக்கம் உறைகுளிர் அறை, நடுச் சுவரில் ஜன்னலைப் பொருத்திவிடுவார்கள். சூடான பெட்டியை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க ஹீட்டர் எத்தனை வாட் எடுக்கிறது என்று அளந்து, சுற்றியுள்ள பலகை வழியாகப் போனதைக் கழித்தால், மிச்சம் ஜன்னலின் கணக்கு. ஒவ்வொரு அளவையும் இப்படிச் சோதித்தால் கட்டுப்படியாகாது என்பதால், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் மென்பொருளில் கணக்கிட்டு, மாதிரிக்கு ஒன்றைப் பெட்டியில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். உள்ளே 21, வெளியே மைனஸ் 18 என்பது அவர்கள் வைத்திருக்கும் நிலை. ஐரோப்பாவில் இவ்வளவு கடுங்குளிர் வைத்துக் கணக்கிடுவதில்லை. அதனால் ஜெர்மனியில் மச்சான் யாராவது இருந்தால், அவர் சொல்லும் எண்ணும் இங்கேயுள்ள லேபிளும் ஒரே ஜன்னலுக்கே ஒத்துப்போகாது. அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

சரி, வீட்டில் அளப்பது. சூட்டின் பாதையில் கடைசித் தடை, அறைக் காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம். அதன் தடை மதிப்பு ஏறக்குறைய 0.13 என்று நமக்குத் தெரியும். ஆகவே அறைக் காற்றைவிடக் கண்ணாடி எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் யு மதிப்பைப் பின்னாலிருந்து பிடித்துவிடலாம். அறை வெப்பநிலையிலிருந்து கண்ணாடி வெப்பநிலையைக் கழியுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை 0.13-ஆல் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

போன குளிர்காலத்தில் உங்கள் வீட்டைப் போலவே ஒரு வீடு. இரவு பத்து மணி, காற்றில்லை. வெளியே மைனஸ் 12, அறை நடுவே 20.5, கண்ணாடி நடுவில் ஒட்டிய டேப் 8.5. 20.5-இலிருந்து 8.5 போனால் 12. வித்தியாசம் 32.5, அதை 0.13-ஆல் பெருக்கினால் 4.2. 12-ஐ 4.2-ஆல் வகுத்தால் 2.8. பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அதே கண்ணாடியின் கீழ் மூலையில், ஸ்பேசரை ஒட்டி, 4 டிகிரிதான். அந்த மூலையில் ஒரு கோடு போல ஈரம் கட்டியிருந்தது.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் விஷயங்கள் சில உண்டு, அனுபவித்துத்தான் கற்றேன். தொடக்கத்தில் டேப் ஒட்டாமல் நேராகக் கண்ணாடியைக் குறி வைத்துச் சுட்டேன். கண்ணாடி அந்தக் கதிரில் கொஞ்சம் கண்ணாடி வேலையையும் பார்க்கும், அதாவது எதிரே நிற்கும் என் உடம்புச் சூட்டைப் பிரதிபலிக்கும். இரண்டு டிகிரி கூடிப்போனது. இரண்டு டிகிரிதானே என்று விட முடியாது. முடிவில் அது யு மதிப்பில் 0.4-க்கு மேல் பிழை. மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, சற்றுப் பக்கவாட்டில் நின்று டேப்பையே அளவெடுங்கள். வெப்பமானி 12-க்கு 1 வகை என்றால் 60 சென்டிமீட்டர் தூரத்தில் அது 5 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும். டேப் அதைவிட அகலமாக இருக்கட்டும், அல்லது நெருங்கிப் போங்கள்.

அடுத்தது வென்ட். இந்த ஊர் வீடுகளில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பு) காற்று வரும் வென்ட்டை ஜன்னலுக்குக் கீழேதான் வைப்பார்கள். சூடான காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தால் அளவு பொய். ஒரு மணி நேரம் முன்பே அந்த வென்ட்டை மூடுங்கள், திரைச்சீலையை முழுக்க விலக்குங்கள். பகலில் அளக்கவே அளக்காதீர்கள். சூரியன் எல்லாவற்றையும் குழப்பிவிடும். வெளி வெப்பநிலைக்குக் கைபேசியை நம்ப வேண்டாம். அது பியர்சன் விமான நிலையத்துக் குளிரைச் சொல்லிக்கொண்டிருக்கும், உங்கள் கொல்லைப்புறத்துக் குளிரை அல்ல. குறைந்தது 25 டிகிரி வித்தியாசம் உள்ள இரவாகப் பார்த்து, இரண்டு மூன்று இரவு எடுத்துச் சராசரி போடுங்கள்.

இந்த முறை மோசமான ஜன்னலை அம்பலப்படுத்தும். நல்ல ஜன்னல்களுக்குள் தரம் பிரிக்காது. 1.1-ஐயும் 1.3-ஐயும் இதை வைத்து வேறுபடுத்த முடியாது, ஒரு டிகிரி தவறினாலே 0.2 தாண்டிப்போகும். அறைப்பக்கத்து முகத்திலும் பூச்சு போட்ட சில புதிய கண்ணாடிகளில் இந்தச் சூத்திரமே செல்லாது. அங்கே கண்ணாடி அதிகக் குளிராக இருக்கும், ஆனால் சூடு குறைவாகவே போகும். துல்லியம் வேண்டுமென்றால், கடந்துபோகும் சூட்டை நேராக அளக்கும் வெப்பப் பாய்வுத் தகடு ஒட்டிப் பல இரவுகள் பதிவு செய்ய வேண்டும். சுவர்களுக்கு அதற்கென ஐஎஸ்ஓ 9869 என்ற தரமே இருக்கிறது, குறைந்தது மூன்று நாள் பதிவு கேட்பது. வீட்டுக்காரருக்கு அவ்வளவு தேவையில்லை.

லைட்டர் எதற்கு? இரவில் விளக்கை அணைத்து, திரைச்சீலை பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுடரைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு சுடர்கள் வரிசையாகத் தெரியும், கண்ணாடியின் ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று. மூன்றடுக்கு என்றால் ஆறு. எல்லாம் ஒரே மஞ்சளாக இருந்தால் பூச்சு இல்லை. ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவோ வேறு சாயலிலோ தெரிந்தால் அந்த முகத்தில் லோ-ஈ இருக்கிறது. புது ஜன்னல் வந்து இறங்கும் அன்று, பொருத்துவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பூச்சுள்ள கண்ணாடிக்குக் காசு வாங்கிவிட்டு ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் சாதாரணக் கண்ணாடி வந்திருந்ததை நான் இப்படித்தான் பிடித்தேன். ஆர்கானை மட்டும் கண்ணால் பார்க்க வழியில்லை, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

ஊதுபத்திதான் எனக்கு மிகப் பிடித்த கருவி. சோபாவில் உட்கார முடியவில்லை என்றீர்களே, அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதை யு மதிப்பு சொல்லாது. காற்றடிக்கும் நாளில், சமையலறை எக்ஸாஸ்ட்டையும் குளியலறை ஃபேனையும் போட்டுவிட்டு, பத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை திடீரென்று அறைக்குள் பக்கவாட்டில் அடித்தால் அது ஓட்டை: வெதர்ஸ்ட்ரிப் (ஜன்னல் ஓரத்தில் காற்றை அடைக்கும் ரப்பர் பட்டை) போயிருக்கும், அல்லது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கால்கிங் என்ற அடைப்புப் பசை வெடித்திருக்கும். புகை கண்ணாடியோடு ஒட்டி அருவி மாதிரி கீழே இறங்கினால் ஓட்டை இல்லை. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட அறைக் காற்றே கனத்துக் கீழே வழிகிறது. முதலாவதற்கு மருந்து முப்பது டாலர். இரண்டாவதற்குத்தான் கண்ணாடி மாற்ற வேண்டும். பார்த்த வீடுகளில், ஜன்னலை மாற்றியே தீர வேண்டும் என்று வீட்டுக்காரர் முடிவு கட்டி வைத்திருந்த இடத்தில் பத்தி முதலாவதைக் காட்டியது பல தடவை நடந்திருக்கிறது. பக்கவாட்டில் தள்ளும் ஸ்லைடர் வகைதான் இதில் பெரிய குற்றவாளி. கேஸ்மென்ட் கைப்பிடியைத் திருகி இறுக்கும்போது ரப்பரை அமுக்கிக்கொள்ளும்.

கண்ணாடியில் நீர் கோப்பதும் ஒருவகை வெப்பமானிதான். 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், 7 டிகிரிக்குக் கீழே உள்ள எதிலும் நீர் கட்டும். 50 சதவீதம் என்றால் 10 டிகிரியிலேயே கட்டும். நம் வீடுகளில் அரிசி கொதித்து, சாம்பார் கொதித்து, எக்ஸாஸ்ட் சத்தம் தொந்தரவென்று அதைப் போடாமலும் விட்டுவிடுகிறோம். பாவம், ஜன்னல் மட்டும் திட்டு வாங்குகிறது. பத்து டாலர் ஈரமானி ஒன்றை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் மாட்டிப் பாருங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே மூட்டம் தெரிந்தால் அது வேறு கதை. ஓரத்து அடைப்பு போய்விட்டது, அந்த யூனிட்டின் ஆயுள் முடிந்தது.

இன்னோர் எண்ணும் விலைச்சீட்டில் இருக்கும்: இஆர், அதாவது எனர்ஜி ரேட்டிங். கனடாவின் கணக்கு இது. சூரியச் சூடு எவ்வளவு உள்ளே வருகிறது என்ற எண்ணை 57.76-ஆல் பெருக்கி, அதிலிருந்து யு மதிப்பின் 21.90 மடங்கைக் கழித்து, காற்றுக் கசிவுக்கும் கொஞ்சம் கழித்து, 40 கூட்டுவார்கள். 2020 ஜனவரியில் வந்த எனர்ஜி ஸ்டார் (எரிசக்திச் சிக்கன முத்திரை) விதிப்படி யு மதிப்பு 1.22-க்குள் இருக்க வேண்டும், அல்லது இஆர் 34-ஐத் தொட வேண்டும். அந்த "அல்லது" கவனத்துக்குரியது. யு 1.6, சூரியச் சூடு 0.55 உள்ள ஜன்னலின் இஆர் 36 சுற்றி வரும். யு 1.2, சூரியச் சூடு 0.25 உள்ளதற்கு 28தான். தெற்கு வெயில் விழும் ஜன்னலுக்கு முதலாவது உண்மையிலேயே நல்ல தேர்வு. ஆனால் ஸ்கார்பரோவில் பாதி வீடுகளின் பக்க ஜன்னல் பார்ப்பது அடுத்த வீட்டுச் செங்கல் சுவரை. அங்கே வராத வெயிலுக்கு மதிப்பெண் எதற்கு? வடக்குக்கும் பக்கச் சுவருக்கும் யு மதிப்பை மட்டும் பாருங்கள்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். உங்கள் 14 ஜன்னல்களும் சேர்ந்து 15 சதுர மீட்டர் என்று கொள்வோம். இந்தப் பகுதியின் குளிர் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,600 டிகிரி-நாள், அதாவது ஒவ்வொரு நாளும் 18 டிகிரிக்குக் கீழே எத்தனை டிகிரி போனது என்பதன் கூட்டுத்தொகை. 2.75-இலிருந்து 1.60-க்கு வந்தால் மிச்சம் சுமார் 1,500 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு. நல்ல ஃபர்னஸ் ஒரு கன மீட்டர் எரிவாயுவில் 10 யூனிட் சூடு தரும், ஆக 150 கன மீட்டர். உங்கள் பில்லில் எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் 50 சென்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 75 டாலர். 19,000-ஐ 75-ஆல் வகுத்துப் பாருங்கள். அவர் சொன்ன எண்களையே, 3-ஐயும் 1.1-ஐயும், அப்படியே ஏற்றுக்கொண்டாலும் 125 டாலரைத் தாண்டாது. கசிவு அடைபடுவதால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். பணம் மிச்சமாகும் என்று சொல்லி ஜன்னல் விற்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், பேச்சு உடனே சொகுசுக்கு மாறும்.

சொகுசு பொய்யல்ல. மைனஸ் 15-இல் கண்ணாடி 8 டிகிரியில் இருப்பதற்கும் 15 டிகிரியில் இருப்பதற்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், உங்கள் தோள்பட்டைக்கு அது தெரியும். ஆனால் அதை வாங்க 14 ஜன்னலையும் பெயர்க்க வேண்டியதில்லை. மரச் சட்டம் உளுத்துப்போகாமல் இருந்தால், அதே சட்டத்தில் கண்ணாடி யூனிட்டை மட்டும் லோ-ஈ, ஆர்கான், வார்ம்-எட்ஜ் வகைக்கு மாற்றச் சொல்லலாம். பழைய பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ப இடைவெளி 13 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும் என்று வைத்துக் கணக்கிட்டாலும் முழு ஜன்னலுக்கு 1.65 வருகிறது. அவர் விற்கும் புது ஜன்னலின் 1.60-க்குப் பக்கத்திலேயே. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரவேற்பறையில் அந்தச் சோபாவுக்குப் பின்னால் உள்ளவற்றை முதலில் இப்படி மாற்றுவேன். மற்றவற்றுக்கு வெதர்ஸ்ட்ரிப் போட்டு ஒரு குளிர்காலம் பார்ப்பேன்.

அவரைத் திரும்ப அழைக்கும்போது என்எஃப்ஆர்சி லேபிளில் உள்ள முழு ஜன்னலின் யு மதிப்பை, எந்த அலகு என்பதோடு, ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பொருத்தி முடிந்ததும் அந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், அதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் எடுக்கும் அளவுகளை இங்கே போட்டால் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். ஜன்னல் எந்தத் திசை, டேப்பில் எத்தனை டிகிரி, அறையில், வெளியில், மணி என்ன என்று ஐந்தும் வேண்டும்.